டைரக்ட் ஃபைல்: சரக்கு நன்றாக இருந்தது, கடையை மூடிவிட்டார்கள்

இனி கிடைக்காத ஒரு பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். நல்ல பொருள் ஏன் கடையை விட்டுப் போனது என்று யாராவது எழுதி வைக்க வேண்டுமே, அதற்காகத்தான். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ், 'டைரக்ட் ஃபைல்' என்ற பெயரில் ஒரு இலவச வரித் தாக்கல் சேவையை இரண்டே இரண்டு சீசன் நடத்தியது. 2024, 2025. இரண்டிலும் நான் வாடிக்கையாளர். 2026 சீசனுக்குக் கிடையாது என்று 2025 நவம்பரில் மாநிலங்களுக்குத் தகவல் போய்விட்டது.

என் கணக்கு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. டெக்சஸில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. இரண்டு டபிள்யூ-2 (முதலாளி தரும் சம்பளப் படிவம்), சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் வட்டி, ஒரு மகள். பங்குச் சந்தை, வாடகை வீடு, தனித் தொழில் எதுவும் இல்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் ஒரே ஒரு ரிட்டர்ன்தான். இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் கணக்கு இதே மாதிரி சாதாரணமானதுதான்.

அதற்கு முன்பு ஒரு தனியார் சாஃப்ட்வேரில் தாக்கல் செய்துகொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். முகப்பில் பெரிய எழுத்தில் 'இலவசம்' என்று இருக்கும். பெயர், முகவரி, சம்பளம் எல்லாம் ஏற்றி முடித்து, ஆசிரியர்களுக்கான 300 டாலர் கழிவுப் பக்கத்துக்கு வந்தால் 'இதற்கு நீங்கள் அடுத்த திட்டத்துக்கு மாற வேண்டும்' என்று ஒரு பெட்டி முளைக்கும். வகுப்பறைக்காக க்ரேயான், ஸ்டிக்கர், டிஷ்யூ டப்பா என்று சொந்தக் காசில் வாங்குவதற்கு அரசு தரும் சின்னச் சலுகை அது. 12 சதவீத வரி அடுக்கில் இருக்கும் எனக்கு 300 டாலர் கழிவினால் மிச்சமாவது 36 டாலர். அந்த மேல்திட்டத்தின் கட்டணம் அதைவிட அதிகம். சலுகையை வாங்காமல் இருந்தால்தான் லாபம் என்ற நிலைமை.

டைரக்ட் ஃபைலில் முதலில் பிடித்தது, அது வாசலிலேயே உண்மையைச் சொன்னதுதான். எந்த மாநிலம், என்ன மாதிரி வருமானம், எந்தக் கழிவுகள் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்கும். பொருந்தவில்லை என்றால் 'இந்தச் சேவை உங்களுக்கானது இல்லை, வேறு வழி பாருங்கள்' என்று அப்போதே சொல்லிவிடும். மாலை நேரத்தில் டாக்ஸி ஓட்டும் என் கணவரின் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆனது. தனித் தொழில் வருமானம் என்று அவர் குறித்ததும் திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு கையை விரிக்கும் கடைகளைப் பார்த்த எனக்கு இது மரியாதையாகவே பட்டது.

உள்ளே போவதுதான் கஷ்டம். அடையாளச் சரிபார்ப்பு ஒரு தனியார் நிறுவனத்தின் கையில். ஓட்டுநர் உரிமத்தை முன்பக்கம் பின்பக்கம் படம் எடு, முகத்தை வட்டத்துக்குள் காட்டு, வெளிச்சம் போதவில்லை, மறுபடி காட்டு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே திரும்பிவிடுவார்கள். இந்த வாசலுக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

உள்ளே போன பிறகு வேலை சுலபம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு கேள்விதான். ஃபோனிலேயே முடிக்கலாம். டபிள்யூ-2 படிவத்தில் எந்தப் பெட்டியில் உள்ள எண்ணைக் கேட்கிறது என்பது தெளிவாக இருக்கும். சம்பந்தமே இல்லாமல் 'தணிக்கைப் பாதுகாப்பு வாங்குங்கள்', 'ரீஃபண்டை முன்கூட்டியே கடனாகத் தருகிறோம்' என்று யாரும் நடுவில் வந்து நிற்கவில்லை. ஆசிரியர் கழிவு ஒரு சாதாரணக் கேள்வியாக வந்தது, 300 என்று அடித்தேன், அடுத்த பக்கம். சந்தேகம் வந்தால் ஐஆர்எஸ் ஊழியரோடு சாட் செய்யலாம். இயந்திரம் இல்லை, ஆள். ஸ்பானிஷிலும் உண்டு. எங்கள் பள்ளி உணவகத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி அதில்தான் தாக்கல் செய்தாள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இஐடிசி சலுகையைத் தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது ஐஆர்எஸ் தரும் கணக்கு. அவளும் அந்த ஒருவராகத்தான் இருந்தாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, சலுகை தானாக வந்து கணக்கில் சேர்ந்தது.

2025இல் இன்னும் தேறியிருந்தது. முதல் வருடம் 12 மாநிலங்களில் மட்டும் இருந்தது, அதுவும் மார்ச் 12ஆம் தேதிதான் எல்லோருக்கும் திறந்தது. ஏப்ரல் 15 கெடுவுக்கு ஒரு மாதமும் சில நாளும்தான் மிச்சம். அடுத்த வருடம் 25 மாநிலங்கள், ஜனவரியிலேயே திறப்பு. ஓய்வூதிய வருமானம், குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கான சலுகை என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஐஆர்எஸ் கையில் ஏற்கெனவே இருக்கும் விவரங்கள் சிலவற்றை அதுவே நிரப்பிக் கொடுத்தது. நான் சரிபார்த்தால் போதும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். என் சம்பள விவரம் முதலாளியிடமிருந்து அரசுக்கு நேராகப் போகிறது. அதையே நான் ஒரு தனியாருக்குக் காசு கொடுத்து மறுபடி அரசுக்கு அனுப்புகிறேன். நான் தப்பாக எழுதினால் 'எங்களிடம் உள்ள கணக்கு வேறு' என்று கடிதம் வரும். தெரிந்த விஷயத்தை என் வாயால் கேட்டுப் பிடிப்பதுதான் பல பத்தாண்டுகளாக இங்கே நடைமுறை.

இப்போது அண்ணன் கட்சிக்கு வருகிறேன். என் அண்ணன் ஜார்ஜியாவில் பெட்ரோல் பங்க் நடத்துகிறார். அரசு சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் அசையாத நம்பிக்கை. நான் இதைப் பற்றிப் புகழ்ந்து பேசியதும் ஃபோனில் கேட்டார்: "பாப்பா, உன்னை ஆடிட் பண்றவனே உனக்குக் கணக்கும் எழுதிக் கொடுப்பானா? நாளைக்குச் சண்டை வந்தா அவன் யார் பக்கம் பேசுவான்?" நியாயமான கேள்வி. வரி வசூலிப்பவரும், சோதிப்பவரும், எழுதிக் கொடுப்பவரும் ஒருவரே என்றால், எனக்குச் சேர வேண்டிய சலுகையை அது தேடித் தருமா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. அண்ணனின் அடுத்த கேள்வி பணம். முதல் வருட முன்னோட்டத்துக்கு ஐஆர்எஸ் சொன்ன செலவு 2.46 கோடி டாலர். ஏற்கப்பட்ட ரிட்டர்ன்கள் 1,40,803. வகுத்தால் ஒரு ரிட்டர்னுக்கு 175 டாலர் வருகிறது. "இதுக்கு ஆளுக்கு நூறு டாலர் கையில கொடுத்திருக்கலாமே" என்றார். கட்டி முடித்த முதல் வருடத்துச் செலவை முதல் வருட ஆட்களோடு வகுத்தால் எந்தக் கடையும் நஷ்டத்தில்தான் தெரியும், உன் பங்க்கையும் சேர்த்து என்றேன். சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் 'பெரிய அரசு' என்று அண்ணன் சொல்லும்போது எதை அளக்கிறார் என்பதில்தான் எனக்கு விவகாரம். ஊழியர் எண்ணிக்கையைப் பார்த்தால், 1960களின் கடைசியில் அஞ்சல் துறையையும் சேர்த்து மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் ஏறத்தாழ 29 லட்சம். 2025 தொடக்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம். இடையில் மக்கள்தொகை 20 கோடியிலிருந்து 34 கோடி ஆகிவிட்டது. அதாவது கவுன்டரில் உட்காரும் ஆட்கள் அப்படியே இருக்க, வரிசை நீண்டிருக்கிறது. பணத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். 1968இல் மத்திய அரசின் செலவு 17,800 கோடி டாலர். 2024 நிதியாண்டில் 6.75 லட்சம் கோடி. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் நான்கு மடங்கு. அதில் கிட்டத்தட்டப் பாதி மூன்றே இனங்களுக்குப் போகிறது: சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு, கடனுக்கு வட்டி. 2024இல் கட்டிய வட்டி ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. இந்த மூன்றில் கை வைத்தால் ஓட்டு போய்விடும் என்று இரண்டு கட்சிக்கும் தெரியும். அதனால் ஒரு கட்சி வரியைக் குறைக்கிறது, மற்றது திட்டத்தைக் கூட்டுகிறது, மிச்சத்தைக் கடன் பார்த்துக்கொள்கிறது. 'அரசைக் குறைக்கிறோம்' என்று காட்ட வேண்டிய நேரத்தில் கத்தி விழுவது எளிதாக வெட்டக்கூடிய இடத்தில், அதாவது கவுன்டரில். 2025இன் முதல் சில மாதங்களில் ஐஆர்எஸ் தன் ஆட்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழந்தது. வருடத்துக்கு 5 லட்சம் கோடி டாலர் வசூலிக்கும் துறை அது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை அனுப்பிவிட்டு மளிகைச் செலவு குறைந்துவிட்டது என்பது என்ன கணக்கு என்று அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

எதிர்க் கட்சி நண்பர்களையும் சும்மா விடுவதற்கில்லை. என் பக்கத்து வகுப்பு ஆசிரியை தீவிர டெமாக்ரட். டைரக்ட் ஃபைலுக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை, அவருக்கு ஆடிட்டர் இருக்கிறார். அவர் கட்சியும் அப்படித்தான் நடந்துகொண்டது. 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், இப்படி ஒரு சேவை சாத்தியமா என்று ஆராய ஐஆர்எஸுக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தது. ஆராயத்தான். இதை நடத்து, நிரந்தரமாக வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிந்து முன்னோட்டம் வந்தது, முன்னோட்டம் முடிந்த அடுத்த மாதமே 'இனி நிரந்தரம்' என்று 2024 மே மாதம் அறிவித்தார்கள். அறிவிப்பில் பிறந்ததை இன்னொரு அறிவிப்பில் கொன்றுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியாதா? விளம்பரமும் போதவில்லை. 25 மாநிலங்களில் 3 கோடிப் பேருக்கு மேல் தகுதி இருந்தது. 2025இல் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். நூற்றுக்கு ஒருவர். வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத கடையை மூடினால் தெருவில் யார் சத்தம் போடப் போகிறார்கள்?

தனியார் தரப்பின் கைவரிசையும் பழையது. 2002இல் ஐஆர்எஸும் வரி சாஃப்ட்வேர் நிறுவனங்களும் ஒரு உடன்பாடு போட்டன. குறைந்த வருமானக்காரர்களுக்கு நிறுவனங்கள் இலவசமாகச் செய்து தரும், பதிலுக்கு ஐஆர்எஸ் சொந்தமாகக் கடை போடாது. அந்தக் கடைசி நிபந்தனை 2019 டிசம்பரில்தான் நீங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நிறுவனங்களில் பெரியவையான ஹெச் அண்ட் ஆர் பிளாக்கும் இன்ட்யூட்டும் அந்த ஏற்பாட்டை விட்டே விலகின. தன் டர்போடாக்ஸ் சாஃப்ட்வேரின் விளம்பரத்தில் 'இலவசம்' என்று சொன்ன விவகாரத்தில் 2022இல் இன்ட்யூட் 50 மாநிலங்களோடும் சமரசம் செய்துகொண்டு 14.1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு வாஷிங்டனில் லாபியிஸ்ட் வேறு இருந்தார்.

இந்தச் சேவையின் ஜாதகத்தில் எனக்கு மறக்காத எண் 51-50. அந்த 2022 சட்டம் செனட்டில் 50-50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஓட்டுப் போட்டு 51-50இல் நிறைவேறியது. ஒரு ரிபப்ளிகன் ஓட்டுகூடக் கிடையாது. 2025 ஜூலையில் டிரம்ப்பின் 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்ற வரி-செலவு மசோதா அதே செனட்டில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஓட்டோடு 51-50இல் நிறைவேறியது. ஒரு டெமாக்ரட் ஓட்டுகூடக் கிடையாது. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? டைரக்ட் ஃபைலுக்கு மாற்றாக அரசு-தனியார் கூட்டு ஏற்பாடு செய்யலாமா என்று ஆராய 1.5 கோடி டாலர். பழையபடி அதே தொகை, அதே ஆராய்ச்சி, திசை மட்டும் எதிர்த்திசை. கட்டலாமா என்று கேட்க 1.5 கோடி, எடுத்துவிடலாமா என்று கேட்க 1.5 கோடி.

ஐஆர்எஸின் பெரிய நிதியும் இப்படித்தான் ஆடியது. 2022 சட்டத்தில் பத்து வருடத்துக்கு 8,000 கோடி டாலர் கொடுத்தார்கள். அடுத்த வருடமே கடன் வரம்புப் பேரத்தில் 2,000 கோடியைத் திரும்ப எடுக்கப் பேசி முடித்தார்கள். 2025இல் மட்டும் அந்தத் துறையின் தலைமை நாற்காலியில் அரை டஜனுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். டைரக்ட் ஃபைலைக் கட்ட உதவிய 18எஃப் என்ற அரசு மென்பொருள் குழுவையே 2025 மார்ச்சில் கலைத்துவிட்டார்கள். அதே ஆண்டு பட்ஜெட் நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசே மூடிக் கிடந்தது. பட்ஜெட் மசோதாக்கள் எல்லாவற்றையும் காங்கிரஸ் நேரத்துக்கு முடித்துக் கடைசியாக 1996இல் நடந்தது என்பதால் அதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எந்தச் சாஃப்ட்வேரும் தேறுவதற்கு நாலைந்து வருடம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல் வருகிற நாட்டில், ஒரு கட்சியின் முத்திரை விழுந்த எந்தச் சேவைக்கும் அந்த நாலைந்து வருடம் கிடைப்பதில்லை. இதுதான் என் முக்கியமான புகார். டைரக்ட் ஃபைலுக்கு டெமாக்ரட் முத்திரை விழாமல் இருந்திருந்தால், வரியையும் அலைச்சலையும் குறை என்கிற என் அண்ணனே அதற்கு முதல் ரசிகராக இருந்திருப்பார்.

மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது என் தொகுதி உறுப்பினருக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது, தாள் நல்ல கனம். வீண் செலவு, அதிகார வர்க்கம், குடும்பங்களின் பையில் பணம் என்று ஒன்றரைப் பக்கம். நான் கேட்ட சேவையின் பெயர் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. டெக்சஸில் கட்சிப் பதிவு கிடையாது, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முன்தேர்தலில் போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டுமோ கேட்டு வாங்கலாம். எங்கள் தொகுதி மாதிரி ஒருபக்கச் சாய்வான இடங்களில் அங்கே ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். அந்த முன்தேர்தலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர், ரொம்பச் சூடானவர்கள். அவர்களுக்கு என் 36 டாலர் ஒரு பிரச்சினையே இல்லை. கடிதம் எனக்கு எழுதியது மாதிரி இருந்தாலும் அவர்களுக்கு எழுதியதுதான்.

சரி, மதிப்பெண். பொருளுக்கு ஐந்தில் நான்கு. குறைத்த ஒன்று அந்த அடையாளச் சரிபார்ப்புக்கு. தனித் தொழில், வீட்டுக் கடன் வட்டிக் கழிவு, பங்கு விற்பனை எதையும் அது ஏற்காதது குறைதான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் மன்னிக்கலாம். நடத்தியவர்களுக்கும் மூடியவர்களுக்கும் சேர்த்து ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும், 2025 மே மாதம் அதன் மூல நிரலைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் பொதுவில் போட்டுவிட்டுப் போன ஊழியர்களுக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தாக்கல் செய்யத்தான் முடியாது.

மாற்று கேட்பவர்களுக்கு: வருமானம் குறைவாக இருந்தால் விட்டா மையத்தைத் தேடுங்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நூலகத்திலும் சமூகக் கூடங்களிலும் உட்கார்ந்து இலவசமாகச் செய்து தருகிறார்கள், ஆனால் பிப்ரவரியிலேயே நேரம் வாங்கிவிட வேண்டும். நிறுவனங்களோடு போட்ட அந்த 2002 ஏற்பாடு, ஐஆர்எஸ் தளத்தில் ஃப்ரீ ஃபைல் என்ற பெயரில் இன்னும் இருக்கிறது, அதற்கும் வருமான வரம்பு உண்டு, எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்தால் தாண்டிவிடும். வரம்பே இல்லாதது ஃப்ரீ ஃபைல் ஃபில்லபிள் ஃபார்ம்ஸ் மட்டும். நான் அதற்குத்தான் மாறியிருக்கிறேன். வருமான வரிக்கான 1040 படிவம் அப்படியே திரையில் வரும், கூட்டல் கழித்தல் கொஞ்சம் செய்யும், எந்தச் சலுகை உனக்கு உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஆசிரியர்கள் ஷெட்யூல் 1 என்ற இணைப்புப் படிவத்தைத் தாங்களே சேர்த்து 300ஐ எழுத வேண்டும். கையொப்பத்துக்குப் பதிலாகப் போன வருடத்து ஏஜிஐ தொகையை (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) கேட்கும், முந்தைய ரிட்டர்ன் கையில் இல்லாதவர்கள் ஐஆர்எஸ் கணக்கில் போய் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பழைய ரிட்டர்னின் விவரச் சுருக்கத்தை, இறக்கிக்கொள்ளுங்கள். அனுப்பி முடித்ததும் பிடிஎஃப்பைச் சேமித்துவிடுங்கள், அக்டோபர் நடுவில் சீசன் முடிந்த பிறகு உள்ளே போய் எடுக்க முடியாது.